பட்டன் அமுக்குறதுக்கு எதுக்கு ஒரு பேண்ட்?

"தம்பி, நீங்கள் இஞ்சினியர் தானே. அவனோட ஒருக்கா கதைச்சுப் பாருங்கோ. நாங்கள் சொன்னா கேக்கிறான் இல்லை."

போன நவம்பரில் ஹெர்னிங்கிலிருந்து வந்த போன் இது. பேசியவர் எனக்குப் பல வருடமாகத் தெரிந்த அண்ணன். யாழ்ப்பாணத்துக்காரர். எண்பதுகளின் நடுவில் டென்மார்க் வந்து, யூலாந்தில் தொழிற்சாலை ஷிஃப்ட் பார்த்து, மூன்று பிள்ளைகளை ஆளாக்கியவர். நான் சிவகாசிப் பக்கம் ஈசிஇ படித்துவிட்டு, சென்னையில் நாலு வருஷம் குப்பை கொட்டி, வேலை விசாவில் கோபன்ஹேகனுக்கு வந்து இறங்கியவன். எங்கள் ரெண்டு பேருடைய தமிழும் வேற, வந்த வழியும் வேற. ஆனால் நான் இங்கே வந்த முதல் குளிர்காலத்தில் கூப்பிட்டு உட்கார வைத்துச் சோறு போட்டது அவர் வீடு. அவர் சொன்னால் எனக்கு மறுக்க வராது.

விஷயம் இதுதான். கடைசிப் பையன், 23 வயது, ஆர்ஹூஸில் சாப்ட்வேர் படிக்கிறான். படிப்புக்கு ஒரு வருஷம் விடுப்புப் போட்டிருக்கிறான். காரணம், ஒரு பேண்ட். ரெண்டு டேனிஷ் பிள்ளைகளும் இவனும். வாசிப்பது எலெக்ட்ரானிக் நடன இசை. இளைஞர்கள் கிளப்பில் ராத்திரி முழுக்க ஆடுகிறார்களே, அந்த 'தும் தும்' இசை. வழக்கமாக அதை ஒரு டிஜே தனியாளாக நின்று ஓட்டுவார். இவர்கள் அதை மேடையில் நேரடியாக வாசிக்கிறார்களாம்.

"பட்டன் அமுக்கிறதுக்கு மூண்டு பேர் எதுக்குத் தம்பி?" என்று கேட்டார் அண்ணன்.

நான் சிரித்தேன். உண்மையைச் சொல்ல வேண்டுமென்றால், எனக்கும் அதே கேள்விதான். பையனுக்கு நாலு புத்தி சொல்லிவிட்டு வரலாம் என்றுதான் ஒரு வெள்ளிக்கிழமை மாலை ஆர்ஹூஸ் ரயிலில் ஏறினேன். திரும்பி வரும்போது புத்தி சொல்ல வேண்டியது அவனுக்கு இல்லை, நமக்குத்தான் என்று தோன்றியது. அதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

அன்று மேடையில் நடந்தது

எண்பது பேர் நின்றால் நிறைந்துவிடும் சின்ன இடம். பாதி பேர் பேண்டின் நண்பர்கள் என்று பார்த்தாலே தெரிந்தது. டிரம்ஸில் ஒரு பையன். பாதி தோல் டிரம், பாதி ரப்பர் பேட். நடுவில் சிந்தசைசரும் மைக்குமாக ஒரு பெண். ஓரத்தில் நம்ம ஆள். முன்னால் மேசையில் ஒரு லேப்டாப், விளக்கு மின்னும் ரெண்டு பெட்டி. பக்கத்தில் ஒரு மிருதங்கம்.

ஆமாம், மிருதங்கம்தான். ஏழு வருஷம் சனிக்கிழமை சனிக்கிழமை வகுப்புக்குப் போய்ப் படித்து, அரங்கேற்றத்துக்கு முன்னாலேயே அவன் விட்டுவிட்ட அதே மிருதங்கம். "காசெல்லாம் தண்ணியில போட்டது" என்று அண்ணன் இன்றைக்கும் சொல்லும் மிருதங்கம். ரெண்டு பக்கமும் சின்ன மைக் வைத்து, அதிலிருந்து வரும் சத்தத்தை அந்த இடத்திலேயே பிடித்து, வெட்டி, திருப்பித் திருப்பி ஓடவிட்டு, அதன்மேல் மறுபடி வாசிக்கிறான்.

மூன்றாவது பாட்டில் ஒரு தப்பு நடந்தது. லேப்டாப்பிலிருந்து சிந்தசைசருக்குப் போகிற வயரில் தொடர்பு விட்டுப்போனது. பாட்டு நிற்கவில்லை. அதைவிட மோசமாக, சிந்தசைசர் தன் சொந்தக் கடிகாரத்தில் ஓட ஆரம்பித்துவிட்டது. முதல் சில நொடி யாருக்கும் தெரியாது. பிறகு ஒரு ரயில் ரெண்டு தண்டவாளத்தில் போகிற மாதிரி ஒரு தடுமாற்றம். ஆடிக்கொண்டிருந்தவர்கள் காலைத் தேட ஆரம்பித்தார்கள்.

பையன் கையை உயர்த்தி அந்தப் பெண்ணைப் பார்த்தான். அவள் சிந்தசைசரை நிறுத்திவிட்டாள். டிரம்ஸ்காரன் வெறும் அடியை மட்டும் பிடித்துக்கொண்டான். இவன் மிருதங்கத்தில் கையை வைத்தான். ஒரு நிமிஷத்துக்கு மேல் வெறும் டிரம்ஸும் மிருதங்கமும்தான். கடைசியில் ஒரு மாத்திரை விட்டு, 'ததிங்கிணதொம்' மூன்று முறை. அஞ்சு மூணு பதினஞ்சு, விட்டது ஒண்ணு, மொத்தம் பதினாறு. சரியாக ஒரு பார். அடுத்த அடி சமம். அந்தச் சமத்தில் அவள் பட்டனை அமுக்கினாள்.

மயிரிழை தாமதம்தான். மூன்று பேரும் சிரித்துவிட்டார்கள். கூட்டம் கத்தியது.

அவள் அமுக்கியதும் பட்டன்தான். ஆனால் எப்போது அமுக்க வேண்டும் என்பதை அவளுக்குக் காட்டிக்கொடுத்தது ஹெர்னிங்கில் ஒரு பள்ளிக்கூட அறையில் ஒரு தமிழ் வாத்தியார் சொல்லிக்கொடுத்த ததிங்கிணதொம். அரங்கேற்றம் நடக்கவில்லை என்பது உண்மை. காசு தண்ணியில் போனது என்பது உண்மை இல்லை.

பட்டன் கணக்கு

அண்ணனின் கேள்விக்கு ஒரு இஞ்சினியராக நான் பதில் சொல்லியாக வேண்டும்.

டிஜே என்பவர் முடிந்துபோன பாட்டுகளைக் கையில் வைத்திருப்பவர். எதற்குப் பின் எது, எப்படி ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குப் போவது என்பது அவர் திறமை. அதுவும் லேசான வேலை இல்லை. நேரடியாக வாசிக்கும் பேண்டுக்கு வேலை வேற. அவர்களிடம் முடிந்த பாட்டு இல்லை. அடி, பேஸ், ராகம், குரல் எல்லாம் தனித்தனித் துண்டுகளாக இருக்கும். அவற்றை அந்த நேரத்தில் கூட்டத்தைப் பார்த்து அடுக்க வேண்டும்.

இந்த இசை பெரும்பாலும் நிமிஷத்துக்கு 120 முதல் 130 அடி வரை ஓடும். 125 என்று வைத்துக்கொள்வோம். ஒரு அடிக்கு 480 மில்லி செகண்ட். அதில் கால்வாசி 120 மில்லி செகண்ட். மேடையில் இருக்கும் பெட்டிகள் எல்லாம் ஒன்றாக நடக்க, ஒரு பெட்டி மற்ற பெட்டிகளுக்குக் கடிகாரத் துடிப்பு அனுப்பிக்கொண்டே இருக்கும். 1983ல் வந்த மிடி என்ற ஏற்பாடு அது. ஒரு அடிக்கு 24 துடிப்பு. அதாவது 20 மில்லி செகண்டுக்கு ஒன்று. அந்தத் துடிப்பு நின்று, ஒரு பெட்டி 125லும் இன்னொன்று 124.5லும் ஓடினால் என்ன ஆகும்? பதினைந்து நொடியில் சுமார் 60 மில்லி செகண்ட் விலகிவிடும். அதைத்தான் அன்று எங்கள் கால்கள் உணர்ந்தன.

அதற்குமேல் மேடைக்கென்றே ஒரு தொல்லை உண்டு. சத்தம் 10 மில்லி செகண்டில் மூன்றரை மீட்டர்தான் போகும். டிரம்ஸ்காரர் ஏழு மீட்டர் தள்ளியிருக்கும் ஸ்பீக்கரை நம்பி வாசித்தால் அவர் ஏற்கெனவே 20 மில்லி செகண்ட் தாமதம். அதனால்தான் காதில் தனியாகக் கடிகார ஒலியைக் கேட்டுக்கொண்டு வாசிக்கிறார்கள். நானும் வாரா வாரம் சர்வரில் புது கோடு ஏற்றுகிறவன். எனக்கு எழுதிவைத்த பட்டியல் உண்டு, சோதனைச் சூழல் உண்டு, தப்பானால் பழைய நிலைக்குத் திரும்பும் வழி உண்டு. எண்பது பேர் ஆடிக்கொண்டிருக்கும்போது இவர்களுக்கு அது எதுவும் கிடையாது.

அதனால்தான் மூன்று பேர், அண்ணே.

நம்ம மேடையில் இல்லாத பட்டனா?

சரி, பட்டன் என்றாலே ஏமாற்று என்று நாம் நினைக்கிறோமா? அப்படியும் தெரியவில்லை.

கச்சேரி மேடையில் பாடகருக்குப் பின்னால் ஒரு சின்னப் பெட்டி சுருதி கொடுத்துக்கொண்டிருக்கும். தம்புராவுக்குப் பதில் மின்னணுப் பெட்டி. பெங்களூரில் ஜி. ராஜ் நாராயண் என்ற இஞ்சினியர், தானே புல்லாங்குழல் வாசிப்பவர், 1979ல் உருவாக்கினார். ராடெல் என்ற பெயர் இன்றைக்குப் பாட்டு வகுப்புக்குப் போகிற பிள்ளைகளுக்கெல்லாம் தெரியும். நம் பிள்ளைகளின் அரங்கேற்றத்தில் அந்தப் பெட்டியைப் பார்த்து யாராவது எழுந்து போனோமா? மாண்டலின் ஸ்ரீநிவாஸ் மின்சார மாண்டலினில் கர்நாடக இசை வாசித்தார். 1983ல், பையனாக இருக்கும்போதே, பெர்லின் ஜாஸ் விழாவில் வாசித்தார். வயலினே இருநூறு வருஷத்துக்கு முன்னால் வெள்ளைக்காரனிடமிருந்து எடுத்துக்கொண்டதுதான்.

அண்ணனின் காரில் எப்போதும் இளையராஜா. அதிலும் 'புன்னகை மன்னன்' பாட்டு வந்தால் சத்தத்தைக் கூட்டுவார். 1986ல் வந்தபோது கணினி இசைக்காகவே பேசப்பட்ட படம் அது. கணினியில் வந்தால் இசை இல்லை என்று அந்தக் காரில் உட்கார்ந்துகொண்டே அவர் சொல்லும்போது எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை.

இன்னும் கொஞ்சம் நேராகவே சொல்கிறேன். நம் ஊர் விழாக்களில், அது பொங்கலோ ஆண்டு விழாவோ கலைமாலையோ, பாட்டு எப்படி நடக்கிறது? பாடகரின் குரலை எடுத்துவிட்ட இசைத் தடம் பென்டிரைவில் வரும். சவுண்ட் பார்க்கும் தம்பி ஒரு பட்டனை அமுக்குவார். மேலே நின்று பிள்ளை பாடும். நடனத்துக்கும் அப்படித்தான். நான் குறை சொல்லவில்லை, ஆர்வமும் உழைப்பும் அதிலும் உண்டு. ஆனால் பட்டன் இசை என்று ஒன்று இருந்தால் அது அங்கேதான் இருக்கிறது. அங்கே தடம் தப்பானால் பாட்டு நின்றுவிடும். ஆர்ஹூஸில் தடம் தப்பானபோது பாட்டு நிற்கவில்லை.

ஏழில் மூன்று

இங்கே நான் பெருமை மட்டும் பேசிவிட்டுப் போனால் அது நேர்மை இல்லை. அன்று அவர்கள் ஏழு பாட்டு வாசித்தார்கள். மூன்று நன்றாக இருந்தன. ரெண்டு சுமார். ரெண்டு தேறாது. கடைசிப் பாட்டு தேவைக்கு ரெண்டு மடங்கு நீளம். வளர்ந்து வரும் பேண்ட் என்றால் இதுதான் அர்த்தம். ஏழில் மூன்று நன்றாக இருக்கும். ஏழில் ஆறு நன்றாக ஆக என்ன வேண்டும்? இன்னும் நூறு மேடை வேண்டும். அந்த நூறு மேடையை யார் கொடுப்பது?

டென்மார்க்கில் இந்தக் கேள்விக்கு ஒரு பதில் இருக்கிறது. அது எனக்கு மெதுவாகத்தான் புரிந்தது.

இந்த நாட்டில் 1976லேயே இசைக்கென்று தனிச் சட்டம் போட்டிருக்கிறார்கள். ஒவ்வொரு கொம்யூனும் பிள்ளைகளுக்கு இசைப்பள்ளி நடத்த வேண்டும். செலவில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் பெற்றோரிடம் வாங்கக்கூடாது. அரசும் கொம்யூனும் சேர்ந்து பணம் கொடுத்து ஊர் ஊராக இசை அரங்குகளைத் தாங்குகின்றன. பெரிய ஆட்களை மட்டும் வைத்துக் காசு பார்ப்பதற்கு இல்லை, புது ஆட்களுக்கும் மேடை கொடுப்பதற்குத்தான் அந்தப் பணம். சொந்தப் பாட்டை மேடையில் வாசித்துவிட்டு, வாசித்தவற்றின் பட்டியலை கோடா அமைப்புக்கு அனுப்பினால் உரிமைத் தொகை வரும். சின்னத் தொகைதான். ஆனால் 'நீ செய்தது ஒரு படைப்பு, அதற்கு ஒரு விலை உண்டு' என்று ஒரு நாடு 23 வயதுப் பையனிடம் சொல்வது சின்ன விஷயம் இல்லை.

ரொஸ்கில்ட விழா எல்லோருக்கும் தெரியும். 1971ல் தொடங்கியது, லாப நோக்கம் இல்லாதது, சுமார் முப்பதாயிரம் தன்னார்வலர்களால் ஓடுவது. நானும் ஒரு வருஷம் நாலு ஷிஃப்ட் வேலை பார்த்து உள்ளே போனேன். அங்கே நான் கவனித்தது ஆரஞ்சு மேடையின் பெரிய நட்சத்திரங்களை இல்லை. அவர்கள் வருவதற்கு முந்தைய நாட்களை. பல வருடங்கள் 'ரைசிங்' என்ற பெயரில் ஒரு மேடை இருந்தது. பேர் தெரியாத வடநாட்டு இளைஞர்களுக்கானது. பட்டப்பகல் வெயிலில், காலி பீர் கேன்களைப் பொறுக்கிக்கொண்டு போகிறவர்களுக்கு முன்னால் அவர்கள் வாசிப்பார்கள். ஆனால் சவுண்ட் சரியாக இருக்கும். சவுண்ட் செக்குக்கு நேரம் இருக்கும். குறித்த நேரத்தில் தொடங்கும். பேர் தெரியாதவர் என்பதற்காக எதிலும் குறை வைக்கவில்லை.

இப்படி வளர்ந்தவர்கள் என்ன ஆனார்கள் என்று பார்த்தால் ரெண்டு பேரைச் சொல்ல வேண்டும்.

முதலாவது, சஃப்ரி டுவோ. ஊஃப சவரி, மோர்டன் ஃப்ரிஸ். ரெண்டு பேர் குடும்பப் பெயரையும் ஒட்டி வைத்த பேர். ரெண்டு பேருமே கோபன்ஹேகன் அரச இசைக் கல்லூரியில் முறைப்படி தாள வாத்தியம் படித்தவர்கள். பல வருஷம் மேற்கத்தியச் செவ்வியல் கச்சேரி செய்தவர்கள். 2000ல், டிரம்ஸையும் பொங்கோவையும் கையால் அடித்து, அதை நடன இசையோடு சேர்த்து 'பிளேய்டு எ லைவ்' என்று ஒன்று வெளியிட்டார்கள். ஐரோப்பா முழுக்க ஓடியது. அடியை மெஷினிடம் விட்டுவிடாமல் மனிதர்கள் மேடையில் வேர்க்க வேர்க்க அடித்ததைப் பார்க்கத்தான் கூட்டம் வந்தது. அங்கே செவ்வியல் தாளக் கல்வி. இங்கே சனிக்கிழமை மிருதங்க வகுப்பு. எனக்குப் பெரிய வித்தியாசம் தெரியவில்லை.

ரெண்டாவது, ஹூ மேட் ஹூ. 2003ல் கோபன்ஹேகனில் தொடங்கிய மூன்று பேர் பேண்ட். கிதார், பேஸ், டிரம்ஸ் என்று ராக் பேண்ட் மாதிரி நின்றுகொண்டு கிளப் இசை வாசிக்கிறார்கள். கிதார் வாசிக்கும் யெப்ப கெல்பர்க் ஜாஸ் பின்னணியிலிருந்து வந்தவர். முதல் ஆல்பம் 2005ல். எகிப்தில் அபு சிம்பெல் கோயில் சிலைகளுக்கு முன்னால் அவர்கள் வாசித்த வீடியோவை உலகமே பார்த்தது. ஆனால் அங்கே போய்ச் சேர அவர்களுக்குப் பதினைந்து வருஷத்துக்கும் மேல் ஆனது. நடுவில் அவர்களை உயிரோடு வைத்திருந்தது என்ன? சின்னச் சின்ன அரங்குகள், சின்னச் சின்னக் கூட்டங்கள். ஏழில் மூன்று நன்றாக இருந்த ராத்திரிகளில் வந்து நின்றவர்கள்.

நம் மண்டபத்தில் ஐந்து நிமிடம்

இப்போது நம் பக்கம் வருவோம்.

டென்மார்க்கில் பத்தாயிரத்துக்கும் அதிகமான ஈழத்தமிழர்கள் இருக்கிறார்கள். என்னைப்போல் பின்னால் வந்த ஐடி கூட்டம் தனி. நமக்கு மண்டபங்கள் உண்டு, சங்கங்கள் உண்டு, கோயில்கள் உண்டு. ஒரு விழாவுக்கு முந்நூறு நானூறு பேரைக் கூட்டும் பலம் உண்டு. புதுசாகத் தொடங்கும் ஒரு டேனிஷ் பேண்டைக் கேட்டுப் பாருங்கள், அந்தக் கூட்டத்துக்காக ஏங்கும்.

அந்தப் பலத்தை நாம் எதற்குச் செலவழிக்கிறோம்? ஏற்கெனவே போய்ச் சேர்ந்தவர்களுக்கு. சென்னையிலிருந்து விமான டிக்கெட் போட்டு, ஹோட்டல் எடுத்து, சூப்பர் சிங்கர் மேடையில் பார்த்தவர்களைக் கூப்பிடுகிறோம். கூப்பிடட்டும், எனக்கும் பிடிக்கும், நானும் டிக்கெட் வாங்குகிறேன். ஆனால் அதே மேடையில் இங்கே பிறந்த பிள்ளைகளின் இடம் எது?

இந்தப் பையனின் பேண்ட் முதன்முதலில் வாசிக்கக் கேட்டது ஒரு தமிழ் விழாவில்தான். எந்த விழா என்பது இங்கே முக்கியமில்லை. இருபது நிமிடம் என்றார்கள். சவுண்ட் செக்குக்கு நேரம் ஒதுக்கவில்லை. பிரதம விருந்தினர் முக்கால் மணி நேரம் தாமதம். பேச்சுகள் நீண்டன. கடைசியில், "தம்பிமார், அஞ்சு நிமிசத்தில முடியுங்கோ, சாப்பாடு ஆறுது" என்றார்கள். ரெண்டு டேனிஷ் பிள்ளைகளும் யூலாந்தின் இன்னொரு மூலையிலிருந்து வேன் பிடித்துக் கருவிகளைக் கொண்டுவந்திருந்தார்கள். ஒருவர்கூடக் கோபப்படவில்லை. சோறும் கறியும் சாப்பிட்டுவிட்டு, "சாப்பாடு அருமை" என்று சொல்லிவிட்டுப் போனார்களாம். பையன்தான் அதற்குப் பிறகு தமிழ் விழா எதிலும் கேட்கவில்லை.

"எனக்கு வெக்கமாப் போச்சண்ணா," என்றான் என்னிடம். "அவங்களுக்கு முன்னால."

இந்த ஒரு வரிக்காகத்தான் இந்தக் கட்டுரையே. நம் பிள்ளைகள் நம்மைப் பற்றி வெட்கப்பட வேண்டாம் என்றுதான் இவ்வளவு விழாவும் எடுக்கிறோம். இவனோ, தன் நண்பர்களை நம் வீட்டுக்குக் கூட்டிவந்து வெட்கப்பட்டுப் போயிருக்கிறான்.

இதற்கு அடுத்த கட்டம் என்ன என்பதும் நமக்குத் தெரியும். லண்டனில் மாயா அருள்பிரகாசம் ஒரு ரோலண்ட் 505 பெட்டியை வைத்துக்கொண்டு பாட்டுப் போடத் தொடங்கியபோது எந்தத் தமிழ்ச் சங்கமும் அவரைத் தேடியதாக எனக்குத் தெரியவில்லை. 2005ல் 'அருளர்' ஆல்பம் வந்து, உலகம் எம்.ஐ.ஏ. என்று பேசிய பிறகு, அவர் 'நம்ம பிள்ளை' ஆகிவிட்டார். ஜெயித்த பிறகு உரிமை கொண்டாடுவது சுலபம். ஏழில் மூன்று நன்றாக இருக்கும்போது நம்ம பிள்ளை என்று சொல்ல வேண்டும். அதற்குத்தான் மனசு வேண்டும்.

அண்ணனின் பயம்

பெற்றோரைத் திட்டுவது எனக்கு நோக்கம் இல்லை. அண்ணனின் பயத்துக்கு ஒரு வரலாறு இருக்கிறது. அவர் வந்த காலத்தில்தான் தமிழர்களின் குடும்ப இணைப்பு விண்ணப்பங்கள் 1987லிருந்து முடக்கப்பட்டன. 1993ல் டென்மார்க் அரசே பதவி விலகும் அளவுக்குப் போன 'தமிழர் வழக்கு' அது. மனைவி, பிள்ளை எப்போது வந்து சேரும் என்று தெரியாமல் காத்திருந்த தலைமுறை. ஒரு கையெழுத்தில் வாழ்க்கை தலைகீழாகும் என்று பார்த்தவர்கள். அவர்களுக்கு நிரந்தர வேலை என்பது வெறும் சம்பளம் இல்லை. கால் ஊன்றும் தரை. அந்தத் தரையை விட்டு மகன் ஒரு காலைத் தூக்கினால் பயம் வராதா?

காசும் உண்மைதான். அன்று ஆர்ஹூஸில் கிடைத்த தொகையை மூன்றாகப் பிரித்து, வேன் பெட்ரோலைக் கழித்தால் ஆளுக்கு ஒரு நல்ல ராத்திரிச் சாப்பாடு தேறும். கோபன்ஹேகனில் அதுவும் தேறாது. இதை வைத்து வீடு வாங்க முடியாது. நான் அவனிடம் இதை மறைக்கவில்லை. "படிப்பை முடிச்சிடு தம்பி" என்றேன். சொல்லத்தானே வந்தேன்.

"ஓம் அண்ணா, செப்டம்பர்ல திரும்பப் போறன். அப்பாட்டையும் சொன்னனான்" என்றான்.

அவன் சொல்லியிருக்கிறான். அப்பா காதில் விழவில்லை. விடுப்பு என்ற வார்த்தை மட்டும்தான் விழுந்திருக்கிறது. விடுப்பு எடுத்தது இசைக்காக வாழ்க்கையை எரிக்க இல்லை. 23 வயதில் ஒரு வருஷம், நூறு மேடையில் எத்தனை கிடைக்கும் என்று பார்க்க. நான் 23 வயதில் சென்னையில் ஒரு கம்பெனியில் யாரும் படிக்காத டெஸ்ட் ரிப்போர்ட் எழுதிக்கொண்டிருந்தேன். எந்த வருஷம் வீண் என்று நான் தீர்ப்புச் சொல்ல முடியுமா?

முதல் அரை மணி நேரம்

அதனால் சங்கங்களுக்கும் விழாக் குழுக்களுக்கும் ஒரு கோரிக்கை. பெரிதாக ஒன்றும் இல்லை. அரை மணி நேரம்.

ஒவ்வொரு விழாவிலும் முதல் அரை மணி நேரத்தை இங்கே வளர்ந்த பிள்ளைகளின் சொந்த இசைக்கு ஒதுக்குங்கள். சினிமாப் பாட்டு இல்லாமல், அவர்களே உருவாக்கியது. அது எலெக்ட்ரானிக்காக இருக்கட்டும், ராப்பாக இருக்கட்டும், வயலினாக இருக்கட்டும். அவர்களோடு வரும் டேனிஷ் நண்பர்களும் மேடை ஏறட்டும். மதியமே சவுண்ட் செக் செய்ய விடுங்கள். பேச்சுகளை அதற்குப் பிறகு வையுங்கள், பிரதம விருந்தினர் வந்தாலும் வராவிட்டாலும் குறித்த நேரத்தில் தொடங்குங்கள். சின்னதாகவேனும் ஒரு தொகை கொடுங்கள், உறையில் போட்டு, மேடைக்குப் பின்னால், 'நன்றி' என்று சொல்லி. பொன்னாடை வேண்டாம். அவர்களுக்கு அதை என்ன செய்வதென்றே தெரியாது.

இதெல்லாம் சேர்ந்தாலும் சென்னையிலிருந்து வரும் ஒரு ஆளின் விமான டிக்கெட் அளவுக்கு ஆகாது.

ஏழில் நாலு பாட்டு பிடிக்காமல் போகும். போகட்டும். நமக்குப் பிடிப்பதற்காக மட்டும் அந்த அரை மணி நேரம் இல்லை. அவர்கள் நமக்கு முன்னால் தப்புச் செய்து, நமக்கு முன்னாலேயே திருத்திக்கொள்வதற்காக. வேறு யார் முன்னாலோ திருத்திக்கொண்டால், திருந்திய பிறகு அங்கேயேதான் இருப்பார்கள்.

இரண்டாம் தலைமுறைப் பிள்ளைகளுக்கும் ஒரு வார்த்தை. ஒரு தடவை அஞ்சு நிமிஷத்தில் முடிக்கச் சொன்னார்கள் என்று கோபித்துக்கொண்டு போய்விடாதீர்கள். மறுபடி கேளுங்கள். அப்பா அம்மாவிடம் இசை என்று பொதுவாகச் சொல்லாதீர்கள். என்ன செய்கிறீர்கள் என்று பெட்டியைத் திறந்து காட்டுங்கள். எந்த வயர் எங்கே போகிறது, எது நின்றால் எது நிற்கும் என்று சொல்லுங்கள். முப்பது வருஷம் மெஷினோடு வேலை பார்த்த மனிதருக்கு அது புரியாமல் போகாது.

ஆர்ஹூஸிலிருந்து திரும்பிய மறுநாள் அண்ணனுக்குப் போன் போட்டேன். கடிகாரக் கணக்கெல்லாம் சொன்னேன். பெரிதாக மசியவில்லை. வயர் விட்டுப்போனதும் மிருதங்கத்தில் சமாளித்ததைச் சொன்னேன். கொஞ்ச நேரம் சத்தமில்லை.

"என்ன வாசிச்சவன்?" என்றார்.

"ததிங்கிணதொம் மூணு தடவை வச்சு சமத்துக்கு வந்தான் அண்ணே."

"விட்டு ஏழு வருசமாச்சு. கை ஞாபகம் வச்சிருக்கு போல."

அடுத்த நிகழ்ச்சி மார்ச்சில், ஹெர்னிங்கிலேயே என்றேன். வருகிறேன் என்று அவர் சொல்லவில்லை. "எத்தினை மணிக்கு முடியும்? எனக்கு விடிய வேலை" என்று மட்டும் கேட்டார்.

பதினொன்றுக்கு முடிந்துவிடும் என்று சொல்லியிருக்கிறேன். பையனிடமும் சொல்லிவிட்டேன், அந்தக் கடைசிப் பாட்டைப் பாதியாக வெட்டச் சொல்லி.